வாசகர் கேள்வி–பதில்: கிடப்பில் கிடந்த பைபர் படகை மீட்க முடியுமா?

பழைய மோட்டார் படகுகளைச் சீரமைப்பது குறித்து வந்த கேள்விகளைத் தொகுத்து இம்முறை விடையளித்திருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வேலையில் முதன்முறையாக இறங்குபவர்கள் என்பதால், தொழில் தெரிந்தவர்களுக்குச் சில இடங்கள் மிகையாகத் தோன்றக்கூடும்.

கேள்வி: என் தாய்மாமா மீன்பிடித் தொழில் செய்தவர். 2005ஆம் ஆண்டில் சுனாமி நிவாரணமாக அவருக்குக் கிடைத்த பைபர் படகு, அவர் தொழிலை விட்டபின் பல ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்னாலுள்ள தென்னந்தோப்பில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. 9.9 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் அவுட்போர்டு மோட்டாரும் அதில் மாட்டியபடியே இருக்கிறது. மாமா சென்ற ஆண்டு காலமானார். அத்தை படகை என்னிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எனக்கு அலுவலக வேலை. படகு வேலை எதுவும் தெரியாது. முதலில் மோட்டாரைப் பிரித்து ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், முத்துப்பேட்டை

பதில்: மோட்டாரிலிருந்து தொடங்க வேண்டாம். மோட்டார் ஓடும் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் மனம் படகைத் தண்ணீரில் இறக்கிவிடும். அதன்பிறகு படகின் உடலில் எவ்வளவு பெரிய குறை தென்பட்டாலும், இவ்வளவு செலவழித்தாகிவிட்டதே என்று மேலும் பணத்தைக் கொட்டத்தான் தோன்றும். மாறாக, உடல் தேறுமா தேறாதா என்று முடிவு செய்வதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை. ஒரு சிறிய சுத்தியல், ஒரு டார்ச் விளக்கு, ஒரு டிரில்லிங் மெஷின், அரை நாள் பொழுது ஆகியவை போதும்.

முதலில் உள்ளே தேங்கியிருக்கும் மழைநீரையும் மட்கிய தென்னங்கீற்றையும் அகற்றுங்கள். கையை விடுவதற்கு முன் ஒரு கழியால் கிளறிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இத்தகைய படகுகளில் பாம்பும் தேளும் குடியிருப்பது வழக்கம். படகை மரக்கட்டைகளின் மீது தூக்கி வைத்து, நல்ல தண்ணீரால் உப்பும் பாசியும் போகக் கழுவி, சில நாள் காயவிடுங்கள். அதன்பின் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கண்ணாடி இழையும் அதைப் பிணைக்கும் ரெசின் என்னும் பிசினும் இறுகப் பற்றியிருக்கும் இடத்தில் கணீரென்ற ஒலி வரும். அடுக்குகள் பிரிந்தோ, உள்ளிருக்கும் மரம் ஊறியோ இருந்தால் ஒலி மந்தமாகும். மந்தமான இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டு வாருங்கள். தட்டி முடித்த பிறகு அந்த வட்டங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று தள்ளி நின்று பாருங்கள்.

மேற்பூச்சில் காணும் மயிரிழை போன்ற வெடிப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை பெரும்பாலும் ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சோடு நின்றுவிடுபவை. வெளியே தெரியும் வெடிப்பு அதே இடத்தில் உள்பக்கமும் தெரிந்தால், அல்லது அந்த இடத்தை அழுத்தும்போது அசைந்தால், அது உடலையே பிளந்த வெடிப்பு. சுனாமிக்குப் பின் மிகக் குறுகிய காலத்தில் ஏராளமான பைபர் படகுகள் கட்டப்பட்டதால் அவற்றின் தரம் சீராக இருக்கவில்லை. சிலவற்றில் அடிப்பகுதியின் தடிமன் போதுமான அளவுக்கு வரவில்லை. ஆகவே அடிப்பகுதியில் எங்கேனும் துளையிட நேர்ந்தால் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மோட்டார் மாட்டும் பின்பலகை. வெளியில் பைபர் போலத் தோன்றினாலும் அதன் உள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். மோட்டாரின் எடையும் தள்ளுவிசையும் முழுவதும் இந்தப் பலகையில்தான் இறங்குகின்றன. மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகள் போகும் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்து, வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருக்கும் மரம் உளுத்துப் போய்விடும். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். அப்போது பின்பலகை வளைந்தாலோ, அது பக்கச்சுவரோடு சேரும் மூலையில் கீறல் விரிந்தாலோ பலகை போய்விட்டது என்று பொருள். ஐயமிருந்தால் உள்பக்கத்தில் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளையிட்டு வெளிவரும் தூளைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, இருக்கைகளுக்கு அடியிலும் பக்கங்களிலும் மிதப்புக்காக நுரை அடைத்த மூடிய அறைகள் இருக்கும். அவற்றில் நீர் புகுந்திருந்தால் நுரை பஞ்சைப்போல அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். படகு முன்பைவிட மிகவும் கனக்கிறது என்று தூக்கியவர்கள் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுவே.

பின்பலகை மட்டும் உளுத்திருந்தால், பொறுமையுள்ள ஒரு புதியவர் தாமே செய்யக்கூடிய வேலைதான் அது. அடிப்பகுதி பெரும்பரப்பில் மெத்தென்று இருந்தாலும், அடிநடுவே ஓடும் ஏராப் பகுதி குறுக்காகப் பிளந்திருந்தாலும், உள்விலாக்கள் நீளவாக்கில் பெயர்ந்திருந்தாலும், அந்தப் படகை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் காப்பாற்றுங்கள். மாமாவின் நினைவாக அதை வைத்திருக்க விரும்புவது புரிகிறது. ஆனால் அதில் ஆட்களை ஏற்றக் கூடாது. கைவிட்ட படகை எரிக்கவும் வேண்டாம். பைபர் எரியும் புகை மிகவும் நச்சானது.

கேள்வி: பின்பலகையை மாற்றுவது எப்படி? வெளியிலிருந்து வெட்டுவதா, உள்ளிருந்து வெட்டுவதா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உள்ளிருந்து. வெளித்தோலை அப்படியே விட்டுவைத்தால் படகின் வடிவம் மாறாது. புதிய பலகையை வைத்து ஒட்டுவதற்கு அதுவே அச்சாகவும் உதவும். வெட்டுவதற்கு முன் பலகையின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மோட்டாரின் தண்டு நீளத்துக்கு அது பொருந்த வேண்டும். குட்டைத் தண்டு மோட்டாருக்குச் சுமார் 15 அங்குலமும், நீளத் தண்டு மோட்டாருக்குச் சுமார் 20 அங்குலமும் வழக்கம். பிறகு உள்தோலைக் கிரைண்டரால் வெட்டி எடுத்து, உளுத்த மரத்தை உளியால் முழுவதும் சுரண்டி, வெளித்தோலின் உட்புறம் நன்றாகக் காயும்வரை காத்திருங்கள். புதியவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஈரத்தின் மீது ரெசின் பிடிக்காது; இன்று பிடித்ததுபோல் தோன்றினாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் பிரிந்துவிடும்.

ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வாங்கி, தேவையான தடிமனுக்கு இரண்டு பலகைகளாக ஒட்டுங்கள். எல்லா விளிம்புகளிலும் ரெசினை ஊறவிட்டு, வெளித்தோலுக்கும் பலகைக்கும் இடையே வெற்றிடம் இராதபடி ரெசின் பட்டியை (ரெசினில் குழைத்த நிரப்புப் பசையை) தடவி, கிளாம்புகளால் இறுக்கிப் பிடியுங்கள். அதன்மீது மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை அடுக்குகளாகப் போடும்போது அவை பலகையின் விளிம்போடு நின்றுவிடக் கூடாது. பக்கச்சுவரிலும் அடியிலும் ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். மோட்டாரின் விசை படகின் உடலுக்குக் கடத்தப்படுவது அந்த ஆறு அங்குலத்தின் வழியாகத்தான்.

போல்ட் துளைகளுக்கு ஒரு வழி உண்டு. தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளையிட்டு, அதை ரெசின் பட்டியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். போல்ட்டைச் சுற்றி மரமே இல்லாமல் போவதால், கசிந்தாலும் நீர் பிளைவுட்டைத் தொடாது. பழைய பலகை உளுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வேலையை யாரும் செய்யாமல் விட்டதுதான்.

கேள்வி: அடிப்பகுதியில் உள்ளங்கை அகல ஓட்டையை அதே அகல மேட் வைத்து அடைத்தேன். ஒரு பகுதி இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. இன்னொரு பகுதி கொதித்துப் புகைந்து வெடித்துவிட்டது. ரெசின் போலியா?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: ரெசினைக் குற்றம் சொல்வதற்கு முன் அளவைப் பாருங்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் பொதுவாக எடையில் 1 முதல் 2 விழுக்காடு, அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம் கோடை வெயிலில் 1 விழுக்காட்டை ஒட்டி நிற்பதே நல்லது. கண்ணளவில் ஊற்றினால் ஒரு கிண்ணத்தில் குறைந்தும் மறு கிண்ணத்தில் கூடியும்தான் போகும். குறைந்தது பிசுபிசுக்கும், கூடியது கொதிக்கும். ஒரே மூச்சில் பல அடுக்குகளை ஏற்றினாலும் உள்ளே சூடு அடைபட்டு வெடிக்கும். மூன்று, நான்கு அடுக்குகள் போட்டபின் சூடு தணியவிட்டுத் தொடருங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மேட்டின் எடையைப்போல் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். அதற்குமேல் ஊற்றினால் பலம் கூடாது. எடையும் விரிசல் விழும் தன்மையுமே கூடும்.

உள்ளங்கை அகல ஓட்டைக்கு உள்ளங்கை அகல மேட் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது நிற்காது. ஓட்டையின் விளிம்பிலிருந்து சுற்றிலும் உடலைச் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும்; தடிமனைப்போல் 12 மடங்கு அகலம் சரிவு இருப்பது நல்லது. உடல் 6 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 72 மில்லிமீட்டர். அந்தச் சரிவில் மேட் அடுக்குகளை ஏற்றி, பல்லுள்ள உருளையால் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுங்கள். பிசுபிசுக்கும் பழைய அடுக்கின் மீது புதிதாகப் போட்டு மறைக்க வேண்டாம். சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ரெசினோடு, இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் தனித்தனிப் புட்டிகளில் கொடுக்கப்பட்டிருந்தால், முதலில் கோபால்ட்டை ரெசினில் கலந்து முழுமையாகக் கிளறிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குப்பியைப் பயன்படுத்தவும் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும் என்பதால் கண்ணாடி இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவியபடி இருந்து, பிறகு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உப்புத்தாள் தேய்ப்பதற்கும் கிரைண்டர் பிடிப்பதற்கும் தூசு வடிகட்டும் முகக்கவசம் போதும்; ரெசின் வாடைக்கு அது பயன்படாது, கரிம ஆவிகளை வடிகட்டும் குப்பி பொருத்திய கவசம் வேண்டும்.

டெல்டா கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பங்குனி, சித்திரையில், நேர்வெயில் படாத கொட்டகையின் கீழ், காலைப் பனி உலர்ந்தபின் செய்யுங்கள்.

கேள்வி: ஊறிய நுரையை எடுத்துவிட்டு அறைகளில் தெர்மாகோல் அடைத்தேன். மேலே ரெசின் ஊற்றியதும் தெர்மாகோல் கரைந்து காணாமல் போனது. ஏன்?
— ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெட்ரோலும் அப்படியே கரைக்கும். எனவே மோட்டாருக்கும் டாங்கிக்கும் அருகில் தெர்மாகோல் வேண்டாம். மூடிய துளைகளைக் கொண்ட பாலியூரித்தேன் நுரைப் பலகைகளை வாங்கி அடையுங்கள். அறைகளை வெறுமையாக விட்டு மூடிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் ஒரு சிறு கீறல் விழுந்தால் அந்த அறையின் மிதப்பு முழுவதும் போய்விடும்.

கேள்வி: எந்த ரெசின் வாங்குவது, பாலியெஸ்டரா, எபாக்சியா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: எபாக்சி பழைய பரப்பின் மீது இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலையும் கூடுதல். முதல் படகுக்கு, அதுவும் பாலியெஸ்டரில் கட்டிய படகுக்கு, பாலியெஸ்டரே போதும். ஆனால் ஓரிடத்தில் எபாக்சி போட்டுவிட்டால் அதன்மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: மோட்டாரின் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. பலங்கொண்டு இழுக்கலாமா?
— ஒரு வாசகர், இராமேசுவரம்

பதில்: கூடாது. இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளைகள் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு மேலே இருக்கும் பிளைவீலின் நட்டில் ஸ்பேனரை வைத்து, மோட்டார் இயல்பாகச் சுழலும் திசையில் மட்டும் மெல்ல அழுத்திப் பாருங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் கீழேயுள்ள நீர்ப்பம்பின் ரப்பர் இறகுகள் மடங்கி முறியும். மெல்ல இளகினால் மோட்டார் பிழைக்க வாய்ப்புண்டு. முன்னொரு காலத்தில் கடல்நீரில் மூழ்கி, அப்படியே கழுவாமல் வைக்கப்பட்ட மோட்டார் என்றால் முழுவதும் பிரித்துப் பார்க்காமல் வேறு வழியில்லை.

இளகிய பிறகு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்றுக்கொன்று 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் குறைந்ததில் பிஸ்டன் வளையமோ சுவரோ தேய்ந்திருக்கும். பிறகு கீழ்ப்பகுதியின் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும்; மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு அரைகுறையாகத்தான் நிறையும். நீர்ப்பம்பின் இம்பெல்லரை, அதாவது ரப்பர் இறகுச் சக்கரத்தை, பார்க்காமலேயே மாற்றிவிடுங்கள். பல ஆண்டு கிடந்த ரப்பரை நம்ப முடியாது, அதன் விலையோ மோட்டாரோடு ஒப்பிடும்போது அற்பம்.

முதல் ஓட்டத்தைத் தரையில் வைத்து ஒரு நொடிகூட முயல வேண்டாம். தண்ணீரின்றி ஓடினால் இம்பெல்லர் கருகும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நீரிழுக்கும் துளைகள் நன்றாக மூழ்கும்படி ஒரு பெரிய டிரம்மில் நிறுத்தி ஓட்டுங்கள். பக்கத்துச் சிறு துளையிலிருந்து நீர் பீய்ச்சி வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்குப் போடலாமா?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: வேறு பெட்ரோல் எளிதில் கிடைக்காத நிலையில் போடத்தான் வேண்டியிருக்கும், தேக்கி வைப்பதுதான் தவறு. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். கடற்கரைக் காற்றில் பாதி நிறைந்த டாங்கி வாரக்கணக்கில் நின்றால், ஓர் அளவுக்குமேல் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். நீங்கள் கலந்த டூ-ஸ்ட்ரோக் ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு இருந்துவிடும். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் மோட்டாருக்கு ஆயில் இல்லாத கலவை போய்ச் சேரும். எனவே அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மீந்ததை வடித்துவிடுங்கள். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் ஆயில். பழைய ரப்பர் குழாய்களையும் கை பம்ப்பையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாராக இருந்தால், பெட்ரோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்கு வர வேண்டும். இல்லையெனில் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் கயிற்றை இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

கேள்வி: படகுக்கான பத்திரம் எதுவும் என் பெயரில் இல்லை. பரவாயில்லையா?
— முத்துப்பேட்டை வாசகரின் மறுகடிதம்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது, ரெசின் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மாமாவின் வாரிசுகள் அத்தையும் பிள்ளைகளும்தானே தவிர, மருமகனாகிய நீங்கள் அல்ல. எனவே வாரிசுச் சான்றும் அவர்கள் அனைவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். மீன்பிடிக்கப் பயன்படுத்துவதாயின் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் பதிவை மாற்றக் கேளுங்கள். மீன்பிடிக்காமல் காயலிலும் ஆற்றிலும் சுற்றுவதற்கு மட்டும் என்றால், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021இன் கீழ் பதிவு தேவையா என்று விசாரியுங்கள். அலையாத்திக் காட்டுப் பகுதிக்குள் நுழைய வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: வண்ணம் அடித்துவிட்டோம், மோட்டாரும் ஓடுகிறது. குடும்பத்தோடு முதல் பயணம் போகலாமா?
— ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: முதல் பயணத்தில் குடும்பம் கரையில் இருக்கட்டும். அலையில்லாத ஆழங்குறைந்த நீரில், கயிற்றால் கட்டியபடி, ஆளில்லாமல் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, ஒட்டுப்போட்ட இடங்களையும் பின்பலகை மூலைகளையும் உள்ளிருந்து பாருங்கள். அடியிலுள்ள வடிகால் மூடியைப் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். அனுபவசாலிகளும் மறக்கும் பொருள் அது. அடுத்து, நீந்தத் தெரிந்த இருவர் மட்டும் ஏறி, கரையோரமாகவே மெதுவாக ஓட்டி, திரும்பி வந்ததும் பின்பலகை போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். மோட்டாரை நிறுத்தும் அவசரக் கயிறு ஓட்டுபவரின் உடலில் கட்டியிருக்க வேண்டும். ஒரு நீண்ட கழியும் துடுப்பும் எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.

2011 டிசம்பர் 25 அன்று உங்கள் ஊரிலேயே உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நீங்கள் அறிவீர்கள். ஏறுபவர் ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே, உயிர்காப்புச் சட்டை இருக்க வேண்டும். சட்டைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

வண்ணம் பற்றி ஒரே ஒரு குறிப்பு: மோட்டாரில் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டின் மீது பெயிண்ட் பட்டிருந்தால் சுரண்டிவிடுங்கள். மோட்டாரின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே அது பொருத்தப்பட்டிருக்கிறது. பெயிண்ட் மூடியிருந்தால் உப்புநீர் மோட்டாரையே தின்னத் தொடங்கும்.